தோய்த்த கோடித்துணி

தம்பி,

உன்னை மகன் என்று கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. பிறந்த அன்றிலிருந்து நீ எனக்குத் தம்பிதான். இந்த ஊரில் முக்கால்வாசித் தாய்மாருக்கு அவர்கள் பெற்ற பெடியன்கள் தம்பிதான். ஆனபடியால் இதை வேறு யாராவது எடுத்து வாசித்தால், ஓர் அக்கா தன் தம்பிக்கு எழுதியது என்று நினைக்க வேண்டாம். இது ஒரு தாய் தன் மகனுக்கு எழுதுவது. மகன் வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போகிறான், அங்கே ஒரு களஞ்சியத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இப்போது பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு சுவர் தள்ளி இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற விசரி என்று நீ சிரிப்பாய். சிரி. மூன்று கிழமையாக உன்னோடு கதைக்க வேண்டும் என்று உன் அறை வாசலுக்கு வருகிறேன், வாயைத் திறக்கிறேன், தேத்தண்ணி போடவா என்றுதான் வருகிறது. நேற்று மட்டும் உனக்கு நான்கு தேத்தண்ணி. நீயும் ஒன்றையும் மறுக்காமல் குடித்தாய். ஐந்தாவது ஒன்று போடுவதைவிட எழுதுவது நல்லது என்று இருந்துவிட்டேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், இதில் தெளிவை எதிர்பார்க்காதே. எனக்கு எல்லாமே குழம்பிப்போய்க் கிடக்கிறது. சொல்ல வேண்டியது என்னவோ ஒரே விஷயம்தான். செல்லத்துரை அண்ணையின் செத்த வீட்டுக்கு நம் கடையிலிருந்து போன கோடித்துணி. அது பிழையாகப் போனது உன்னால் என்று கடை மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கடைக்கு வரவில்லை. அதிலிருந்து நேரே தொடங்கலாம் என்றுதான் காலையில் பேனையை எடுத்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. நேரே எழுதினால் பாதியில் நின்றுவிடுகிறது. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்.

கடையிலிருந்து தொடங்குகிறேன். அதை எல்லோரும் உன் அம்மாவின் கடை என்று சொல்வார்கள், ஆனால் அது எனக்குச் சொந்தமானதல்ல என்பது உனக்குத் தெரியும். சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்கிற அறைக்குப் பின்னால் உடைந்த கதிரைகள் போட்டிருந்த அறையை மாதர் சங்கம் கேட்டு வாங்கியது. இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலம் அது. கோப்பாயில் வீட்டுக்கு ஒரு தையல் மெசின் இருந்தது, ஒரு நூல்கட்டை வாங்குவதற்கு யாழ்ப்பாணம் ரவுணுக்கு பஸ் எடுக்க வேண்டி இருந்தது. நூல், சட்டைத் தெறி, இலாஸ்ரிக், ஊசி, ஒரு கட்டு வெள்ளைத்துணி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கீற டிமைத்தாளும் வர்ணப்பெட்டியும் என்று ஓர் அலுமாரியோடு தொடங்கியது. பொறுப்புக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள், நான் மட்டும் அந்த நேரம் தும்மினேன். அவ்வளவுதான் நான் கடைக்காரி ஆன கதை. உனக்கு அப்போது நாலு வயது, துணிக்கட்டுகளுக்கு இடையில் ஒளிந்து விளையாடினாய்.

பிறகு அந்த நீட்டு மேசை வந்தது. வாங்கிய துணியை வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுக்காமல் அங்கேயே இருந்து வெட்டத் தொடங்கினார்கள். ஒருத்தி சட்டை தைக்க, இன்னொருத்தி சேலைக்கரைக்கு வர்ணத்தால் பூ கீற, வேறொருத்தி கலியாண வீட்டுத் தட்டுக்கு மணி கோக்க, மிஞ்சியதை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்தார்கள். தேவையானவர்கள் அதில் எடுத்துக்கொள்ளலாம், கேட்கத் தேவையில்லை. கோயில் தேருக்குத் தொங்கவிடுகிற தொம்பைகளுக்குத் துணி ஒட்டியதும் அந்த மேசையில்தான். அங்கே வராத கதை இந்த ஊரில் கதையே இல்லை. யாருக்கு என்ன வருத்தம், யாரின் மகளுக்கு எந்த நாட்டு மாப்பிள்ளை, எல்லாம் அந்த மேசைக்கு வந்துதான் ஊருக்குப் போகும். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த மேசையில் ஒருவரைப் பற்றி ஒரு சொல் விழுந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல் நான் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயர்தர வகுப்பில் சித்திரப் பாடம் எடுக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்ற நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வர்ணமும் தூரிகையும் விற்றவள் நான். அவர்கள் வாங்கும்போது "நல்லாக் கீறு பிள்ளை" என்று சொல்லி அனுப்பியவள். என் பிள்ளை கேட்டபோது மட்டும், சித்திரத்தை வைத்துச் சோறு தின்ன ஏலாது, வர்த்தகம் படி என்றேன். அடுத்த நாள் உன் வர்ணப்பெட்டியைக் கொண்டுவந்து கடையில் மிச்சம் போடுகிற பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாய். நான் அதைக் கண்டேன். எடுத்துத் திருப்பித் தந்திருக்கலாம். ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது, பிறகு எந்தப் பிள்ளையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. நீ வர்த்தகம் படித்தாய், கொழும்புக்குப் போனாய், கந்தோர் வேலையில் இருந்தாய். நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது. அப்படி இருந்தும் ஒவ்வொரு முறையும் நீ தொலைபேசியில் "எல்லாம் சரி அம்மா" என்று சொல்லும்போது என்னவோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. என்ன சரியில்லை என்று கேட்கப் பயந்தேன்.

போன வருடம் நீ பையோடு வந்து இறங்கி, வேலையை விட்டுவிட்டேன், கடையை நான் பார்க்கிறேன் என்றாய். எனக்குச் சந்தோசமா துக்கமா என்று இன்றுவரைக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரவல் கொடுத்த பொருள் திரும்பி வந்த மாதிரி ஒரு நிம்மதி இருந்தது. அதே நேரம், ஊரில் எல்லாருடைய பிள்ளைகளும் போகிறார்கள், என் பிள்ளை மட்டும் நூல்கட்டை விற்கத் திரும்பி வந்திருக்கிறான் என்று வெட்கமாகவும் இருந்தது. கேட்டவர்களுக்கு நீ லீவில் வந்திருக்கிறாய் என்று சொன்னேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, அப்போதும் லீவு என்றுதான் சொன்னேன். "உதென்ன கந்தோரப்பா இவ்வளவு லீவு குடுக்குது" என்று மேசைக்குத் தைக்க வருகிற ராணி கேட்டாள். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். உனக்கு அது கேட்டது என்று எனக்குத் தெரியும்.

நீ கடைக்கு வந்ததும் ஒவ்வொன்றாக மாற்றினாய். அலுமாரியை இழுத்துப் போட்டு வெளிச்சம் வருகிற பக்கம் வைத்தாய். ஒவ்வொரு துணியிலும் கையளவு வெட்டி, பாதியில் வர்ணம் தடவி, எந்தத் துணியில் எந்த வர்ணம் எப்படிப் பிடிக்கும் என்று மட்டையில் ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டாய். நான் இருபது வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு சுவரில் எல்லோரும் பார்த்தார்கள். நல்ல வேலை. நல்ல வேலை என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை, சுவரில் ஆணி அடித்த இடத்தில் பூச்சு உதிர்ந்ததைப் பற்றித்தான் சொன்னேன். பிறகு வாசலில் வந்து நிற்கிறவர்கள், "தம்பி நிக்கிறாரோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். நான் இருக்கிறேன், என்ன வேண்டும் என்றால், "இல்லை, தம்பி வரட்டும், அவர் பாத்துத் தருவார்" என்று இருந்துவிடுவார்கள். எனக்குப் பொறாமை வந்தது. வயிற்றில் பெற்ற பிள்ளையில் பொறாமை வருமா என்று நீ கேட்பாய். வரும். பெருமையும் வரும், இரண்டும் ஒரே நேரத்தில் வரும், எது எது என்று பிரித்து எடுக்க முடியாது. நான் அப்படித்தான் அந்த மாதங்களில் திரிந்தேன். உன்னைப் பார்த்தால் பூரிக்கும், நீ வாயைத் திறந்தால் எரிச்சல் வரும்.

இனி அந்தத் துணிக்கு வருகிறேன். கடையில் வெள்ளைப் பருத்தித்துணி இரண்டு விதமாக இருக்கும் என்பது உனக்குத் தெரியும், ஆனால் வேறு யாரும் இதை வாசித்தால் விளங்க வேண்டும். கட்டாக வருகிற புதுத்துணியில் பசை இருக்கும். அதற்கு மேல் வர்ணம் கீறினால் நின்றுபிடிக்காது, இரண்டு தோய்ச்சலில் போய்விடும். அதனால் வர்ணம் கீறுகிறவர்களுக்கென்று சில கட்டுகளை நானே ஊறப்போட்டு, தோய்த்து, காயவைத்து, அழுத்தி, பழையபடி மட்டையில் சுற்றி வைப்பேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தெரிவதற்காகக் கரையில் ஒரு நீல நூல் முடிந்துவிடுவேன். ஆனால் செத்த வீட்டுக்குப் போகிற துணி அப்படிப் போகக் கூடாது. உடன்பிறந்தவர்கள் கோடி போட வேண்டும், கோடி என்றால் தண்ணீர் படாத புதுத்துணி. எங்கள் பக்கத்தில் சில குடும்பங்கள் கடையில் மடித்து வைத்த வேட்டியைக் கோடிக்கு வாங்க மாட்டார்கள், கட்டிலிருந்து கண்முன்னால் கிழித்துக் கொடுக்க வேண்டும். பிறக்கிற பிள்ளையைத்தான் நாங்கள் பழந்துணியில் ஏந்துகிறோம். போகிறவருக்குப் பழசு போடக் கூடாது.

நீ அலுமாரியை ஒதுக்கி அடுக்கியபோது அந்த நீல நூல்களை எல்லாம் வெட்டி எறிந்தாய். பிசிறு என்று நினைத்தாய். நான் கண்டு சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்பதை நான் மேசையில் யாருக்கும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அன்றைக்கே நீ கட்டு கட்டாகத் தடவிப் பார்த்துப் பிரித்தாய். தண்ணீர் படாததெல்லாம் மேல்தட்டு, தோய்த்ததெல்லாம் கீழ்த்தட்டு. தட்டில் எழுதியும் ஒட்டினாய். என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "மேல புதுசு, கீழ தோய்ச்சது, விளங்குதோ அம்மா?" என்று கேட்டாய். நான் ஓம் ஓம் என்றேன். காது கேட்டது, மனம் கேட்கவில்லை. நீ எனக்குக் கடை நடத்தப் பழக்குகிறாயாக்கும் என்று உள்ளுக்குள் ஒரு கொதி.

செல்லத்துரை அண்ணை தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் மோசம் போன அடுத்த நாள், நீ சாமான் எடுக்க ரவுணுக்குப் போயிருந்தாய். அவருடைய மனைவி தவமணி அக்கா எங்கள் மேசைக்கு எத்தனை வருடமாக வருகிறவ. அதனால் வட்டுக்கோட்டையிலிருந்து வந்த செல்லத்துரை அண்ணையின் தங்கச்சிக்காரி வேறு எங்கும் போகாமல் நேரே நம் கடைக்குத்தான் கோடி வாங்க வந்தா. ஓட்டோவை வாசலில் காக்கவைத்துவிட்டு இறங்கி வந்தா. கிரியை தொடங்கிவிட்டது, கெதியாகத் தாருங்கோ என்றா. அழுத முகம். நான் அலுமாரிக்குள் கையை விட்டேன். கை பழைய பழக்கத்தில், முன்பு எல்லாக் கட்டும் கிடந்த கீழ்த்தட்டுக்குப் போனது. அளந்தேன், கரையில் கத்திரிக்கோலால் ஒரு வெட்டு வைத்தேன், கிழித்தேன்.

தம்பி, உனக்குத் தெரியும், பசை உள்ள துணி கிழிகிற சத்தம் வேறு. தோய்த்தது கிழிகிற சத்தம் வேறு. இருபது வருடம் கிழித்த எனக்குத் தெரியாமல் இருக்குமா. அரை முழம் கிழியும்போதே தெரிந்துவிட்டது. என் கை நின்றது. நின்றதை அந்த மனுசி காணவில்லை, ஓட்டோவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றா. மேல்தட்டில் நல்ல கட்டு இருந்தது. ஒரு முக்காலியை இழுத்து ஏறினால் எடுத்துவிடலாம். நான் எடுக்கவில்லை. மிச்சத்தையும் கிழித்து மடித்துக் கொடுத்தேன்.

ஏன் எடுக்கவில்லை என்று இவ்வளவு நாளாக என்னையே கேட்கிறேன். ஒரு நேரம், செத்த வீட்டுக்கு இரண்டாம் தரம் கிழிக்கக் கூடாது, கிழித்தால் இன்னொரு சாவைக் கேட்கும் என்று பயந்தேன் என்று சொல்வேன். அது உண்மைதான், அப்படி ஒரு பயம் எங்களுக்கு உண்டு. இன்னொரு நேரம், ஓட்டோ நின்றது, அவசரம் என்று சொல்வேன். அதுவும் உண்மை. ஆனால் அந்த அரை முழத்தில் என் மனதில் ஓடியது இவை ஒன்றும் இல்லை. "தம்பி சொன்ன தட்டில் எடுத்திருக்கலாம்" என்பதுதான் ஓடியது. முக்காலியில் ஏறினால் நீ பிரித்து வைத்ததுதான் சரி, நான்தான் பிழை என்று ஆகிவிடும். நீ கடையிலேயே இல்லை. என் பிழையைக் காண மேசையிலும் ஒருவரும் இல்லை. அப்படி இருந்தும் ஏறவில்லை. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியாமல் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. இரண்டு நாள் கழித்து மேசையில் ராணி கதையை இழுத்தாள், கோடியைப் பிடித்துப் போட உதவினவளாம், கையில் மெத்தென்று பட்டதாம், தோய்த்த துணி மாதிரிக் கிடந்ததாம். ஏழெட்டுப் பேர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நீ அங்கால் நின்று நூல்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கம் கையை நீட்டி, "உவன்தான். நான் முடிஞ்சு வைச்ச அடையாள நூலை எல்லாம் வெட்டி எறிஞ்சவன். ஒண்டும் தெரியாமல் எல்லாத்திலயும் கை வைக்கிறது" என்றேன். நீ ஒரு தரம் மேல்தட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நீ பிரித்து வைத்ததைச் சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். "ஓம், நான்தான் வெட்டினது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் இருந்த நூல்கட்டையை அதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனாய். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு உன்னை யாரும் கேட்டால், தம்பிக்குக் கடை சரிவராது, வெளிநாடு போகப்போகிறார் என்று சொன்னேன். நீ கட்டாருக்கு விண்ணப்பம் நிரப்புவதற்கு முதலே நான் அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டேன் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். நீ போனாயா, நான் அனுப்பினேனா? எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிய அன்று குசினி வாசலில் வந்து நின்று, "நான் போறதோ, நிக்கிறதோ அம்மா?" என்று கேட்டாய். உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல், "உன்ரை விருப்பம்" என்றேன். பிள்ளையின் விருப்பத்துக்கு விடுகிற நல்ல தாய் மாதிரி. ஒரு மனுசர் வந்து வாயால் கேட்கும்போது உன் விருப்பம் என்று சொல்வது சில நேரம் கதவைச் சாத்துவதுதான். நீ எங்கே இருந்தாலும் உன் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லாதே. என்ன வேண்டுமோ அதைச் சொல், பிழையாக இருந்தாலும் சொல்.

செல்லத்துரை அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரைக்கும் நான் பொறுத்தேன். முப்பத்தொரு நாளும் ஒழுங்கான நித்திரை இல்லை. நடுவில் ஒரு நாள் கோயில் ஐயரிடம், யாரோ ஒரு வீட்டில் இப்படி ஒரு பிழை நடந்துவிட்டதாம், அதற்கு ஏதும் செய்ய வேண்டுமா என்று கதையாகக் கேட்டேன். எந்த வீடு என்று அவர் கேட்டார். நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லலாம் என்று தோட்டத்துக்குப் போனேன், வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார், நான் போய் நின்றதும் மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டு தண்ணீர் மெசினைப் பார்க்கப் போனார். அன்றைக்கு நான் தண்ணீர் மாறிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

முப்பத்திரண்டாம் நாள் பின்னேரம் தவமணி அக்காவிடம் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். தோய்த்த துணியைக் கோடி என்று தந்துவிட்டேன், கிழிக்கும்போதே தெரியும், தெரிந்துதான் தந்தேன், அக்கா என்றேன். அவ ஏசினால் வாங்கிக்கொண்டு வருவது என்றுதான் போனேன். அவ ஏசவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. "நான் தொட்டுப் பாத்தனான். அவருக்குப் புதுத்துணி உடம்பில பட்டால் கடிக்கும். கலியாணம் கட்டின நாளிலையிருந்து எந்தப் புதுத்துணியையும் ரெண்டு தரம் தோய்ச்சுத்தான் நான் உடுக்கக் குடுக்கிறனான். அவற்ரை தங்கச்சிக்கு உது தெரியாது. கோடி மெத்தெண்டு கிடக்கேக்க, கடைசியா உதாவது கடிக்காமல் போகுது எண்டு எனக்கு ஒரு ஆறுதல்."

என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்க வேண்டும்தானே. இறங்கவில்லை. வழக்கப்படி பார்த்தால் பிழை. அவ சொல்வதைப் பார்த்தால் அதுவே சரி. அப்படியென்றால் நான் செய்தது என்ன? அதுவும் நான் அந்த மனுசனுக்குக் கடிக்கக் கூடாது என்று நினைத்தா கொடுத்தேன்? என் வீம்புக்குக் கொடுத்தது அவருக்கு நல்லதாகப் போனது, அவ்வளவுதான். நான் அழத் தொடங்கினேன். அவ ஒரு பலகைக்கட்டையை என் பக்கம் தள்ளி வைத்தா, இருந்து அழு என்பது மாதிரி. பிறகு கேட்டா.

"துணி சரி. நான் மன்னிக்கிறதுக்கு அதில ஒண்டும் இல்லை. நீ ஏன் பெடியனைப் பேசினனீ?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டில் வந்து இருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. எழும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அறை வாசலில் நின்றேன். தேத்தண்ணி போடவா என்று கேட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் ஒரு தாள் ஒதுக்கி வைத்திருந்தேன். கட்டாரில் புதுப் படுக்கைவிரிப்பைத் தோய்க்காமல் படுக்காதே, அங்கே வெக்கை, பருத்தியைத் தவிர வேறு போடாதே, களஞ்சியத்தில் ஏணியில் ஏறும்போது கவனம், சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. இவை உனக்குத் தெரியாததல்ல. ஒன்றை மட்டும் என் வாழ்க்கையிலிருந்து எடுத்துத் தருகிறேன். பிழை விட்டது தெரிந்தால், அந்த அரை முழத்திலேயே சொல்லிவிடு. கிழித்து முடித்துவிட்டால் பிறகு அதற்கு ஒரு ஆளைத் தேட வேண்டி வரும், கையில் அகப்படுவது எப்போதும் பக்கத்தில் நிற்கிற பிள்ளைதான்.

இதுவரைக்கும் திங்கட்கிழமை எழுதியது. இன்றைக்குப் புதன். உன்னிடம் தருவதற்கு முதல் இதைக் கடைக்குக் கொண்டுபோனேன். எந்த மேசையில் உன்னைப் பேசினேனோ அதே மேசையில், அதே ஆட்களுக்கு வாசித்தேன். உன்னைக் கேட்காமல் வாசித்தது சரியா என்று தெரியாது. உன்னைக் கேட்காமல்தானே பேசினேன், அதையும் கேட்காமலே திருப்பி எடுக்கலாம் என்று நினைத்தேன். பொறாமை என்று எழுதிய இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். தவமணி அக்கா தாளை வாங்கி மிச்சத்தை வாசித்தா. முப்பத்தொன்று கழிந்து முதன்முதலாக அவ மேசைக்கு வந்தது இன்றைக்குத்தான். தன் மனுசனைப் பற்றி எழுதியதையும் தானே வாசித்தா, ஒரு இடத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. பிறகு ராணி எழும்பிப் போய்ச் சுவரில் நீ தொங்கவிட்ட மட்டைக்கு முன்னால் கன நேரம் நின்றாள்.

இனி அவர்களுக்குத் தெரியும், துணியில் நடந்த பிழை உன்னுடையதல்ல என்று. வெள்ளிக்கிழமை நீ போகத்தான் வேண்டும் என்றால் பிழை விட்ட பிள்ளையாகப் போகத் தேவையில்லை. எல்லாம் ஒழுங்கு பண்ணி, கையெழுத்து வைத்து, பெட்டியும் அடுக்கியாயிற்று, இப்போது இதைச் சொல்வது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பா இதைக் கேட்டால் என்னை ஏசுவார். ஊர் என்ன சொல்லும், நாளைக்கு நீயே என்னைக் குறை சொல்வாயா, நூல்கட்டை விற்று உனக்கு ஒரு வாழ்க்கை அமையுமா, எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். குசினி வாசலில் நின்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் உலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நில் தம்பி. எனக்கு நீ நிற்க வேண்டும்.

இதைக் கேட்ட பிறகும் போகிறாய் என்றால் போய்விட்டு வா. கேட்காமல் போகாதே.

அம்மா